பழைய தார், ஜிப்ஸி, கூர்க்கா வாங்கும் முன்: ஆர்சி முதல் கிரவுன் வரை பார்க்க வேண்டியவை

நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய வண்டியை வாங்க வருபவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்பது, "காட்டில் ஓடிய வண்டியா?" என்றுதான். "இல்லவே இல்லை, அலுவலகத்துக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டினேன்" என்ற பதிலும் உடனே வந்துவிடும். இந்தக் கேள்வியால் பயனில்லை. மேடு பள்ளத்தில் ஓடுவதற்காகவே செய்த வண்டி அங்கே ஓடியது குற்றமல்ல. ஓடையில் இறங்கி வந்தபின் கிரவுன் (அச்சின் நடுவில் எஞ்சின் திறனைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கரம்) ஆயிலை மாற்றினாரா, அடியில் அப்பிய சேற்றைக் கழுவினாரா, கிரீஸ் அடித்தாரா என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மலையேறினாலும் ஒழுங்காகப் பராமரித்தவரின் வண்டி, நான்கு சக்கர லீவரை ஆண்டுக்கணக்கில் தொடாமலேயே நகரத்துக்குள் ஓட்டியவரின் வண்டியைவிட எவ்வளவோ மேல். தொடாத லீவர் துருப்பிடித்து இறுகிவிடும். தேவைப்படும் நாளில் விழாது.

காட்டில் ஓடியதைவிட நான் அஞ்சுவது, பட்டறையில் மனம்போல மாற்றியமைத்த வண்டியைப் பார்த்துத்தான். உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், வேறு எஞ்சின், இரும்புக் கம்பிப் பம்பர் எல்லாம் படத்தில் எடுப்பாக இருக்கும். வாங்கிய பிறகு பட்டறையிலும் ஆர்டிஓ அலுவலகத்திலும் அதற்கான செலவு உங்கள் தலையில் விழும்.

எந்த வண்டி, எந்த ஆண்டு

நம் ஊர்ச் சந்தையில் அதிகம் கிடைப்பவை மூன்று. மாருதி ஜிப்ஸி 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-ல் 1.3 லிட்டர் 'கிங்' ஆனது, 2000-ல் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தனித்தனியே பீய்ச்சும்) எஞ்சின் பெற்றது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-ஓடு நின்றது. எடை குறைவு, அமைப்பு எளிது, முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த அச்சும் பட்டைகளும் (லீஃப் ஸ்பிரிங்) கொண்டது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் கருத்து. ஆனால் குடும்பத்தோடு நெடுந்தூரம் போக ஏற்றதல்ல. ஏர்பேக் கிடையாது, பட்டைகள் முதுகை உலுக்கிவிடும்.

2010 முதல் 2020 வரை வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தாரில் இரண்டு வகை உண்டு. சிஆர்டிஇ என்பது 105 குதிரைத்திறன் தரும் 2.5 லிட்டர் டீசல். முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) சஸ்பென்ஷன், பின்பக்கம் பட்டை. டிஐ என்பது திறன் குறைந்த பழைய எஞ்சின். விளம்பரத்தில் இரண்டையும் வெறும் 'தார்' என்றே போடுவார்கள். எது என்று கேட்டுத் தெளிந்த பிறகே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் ஏமாற வேறொரு வழி இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகையும் விற்பனைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியல்ல; அதற்கேற்ற விலைதான் அதற்கு.

ஃபோர்ஸ் கூர்க்கா குறைவாகவே விற்பனைக்கு வரும். முன், பின் இரு அச்சுகளுக்கும் தனித்தனி டிஃப் லாக் (ஓர் அச்சின் இரு சக்கரங்களும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் அமைப்பு) உள்ள வண்டி என்பதால் கடினமான பாதைக்கு அதை விரும்புவோர் உண்டு. வாங்குமுன் உங்கள் ஊருக்கு அருகே அதற்குச் சர்வீஸ் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்: காகிதம்

வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா, எஃப்சி (தகுதிச் சான்று) எப்போது முடிகிறது என்பதெல்லாம் தெரியும். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சொந்த வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஜிப்ஸியில் பெரும்பாலானவை இந்த வயதைத் தாண்டியவை. புதுப்பித்த ஆர்சி கையில் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். 'நீங்களே புதுப்பித்துக்கொள்ளலாம்' என்று சொன்னால், அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழியுங்கள்.

வெளிமாநில வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது; 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் அங்கிருந்து மலிவு விலையில் தெற்கே வந்த வண்டிகள் உண்டு. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வயதுக்கேற்ற ஆயுள் வரி என்று எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு மறைந்துவிடும். ராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் ஜிப்ஸிக்கு ஏலத் தாள்களும், அதன் அடிப்படையில் வந்த ஆர்சியும் இரண்டும் வேண்டும். 'தாள் பிறகு வரும்' என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

வண்டியை நேரில் பார்க்கும்போது, சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சேறு மறைத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ புதுப் பெயிண்டோ தெரிந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாற்றுவது சாதாரணம். மாற்றிய எஞ்சின் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரும்புக் கம்பிப் பம்பர்கள் மீது 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆகவே கழற்றிய மூலப் பம்பர், மூலச் சக்கரங்கள் எல்லாம் விற்பவரிடம் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். எஃப்சிக்கு அவை தேவைப்படும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பழைய லுங்கி அல்லது தார்ப்பாய், நல்ல டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், சிறு சுத்தியல், அளவு நாடா, ஜாக்கி, சக்கரத்துக்குக் கட்டை, வெள்ளைத் துணி. ஜீப் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போனால் மிக நல்லது. கார் மட்டும் பார்க்கும் மெக்கானிக் எஞ்சினைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் திறனை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) கைவைக்க மாட்டார். பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

முதலில் படுத்துப் பாருங்கள்

வண்டியைச் சுற்றிப் பெயிண்ட் பார்ப்பதில் நேரம் போக்காதீர்கள். பாடியில் உள்ள கீறலும் ஒடுக்கும் டிங்கரிங்கில் சரியாகிவிடும். சேசிஸ் போனால் வண்டி போயிற்று.

அடியில் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த பூச்சு எதையோ மறைக்கத்தான் அடிக்கப்பட்டிருக்கும். சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இடத்தில் ஒலி மந்தமாகும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் பேரம் முடிந்தது. பெட்டி வடிவச் சேசிஸுக்கு உள்ளே சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும் என்பதால், அடியில் உள்ள வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் கிளறுங்கள். உலர்ந்த மண்ணோடு துருச் செதில்கள் உதிர்ந்தால் உள்ளே நிலைமை மோசம். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் விட்ட வண்டிகளில் இதை அதிகம் காணலாம்.

விரிசல் வரும் இடங்கள் சில உண்டு. ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸோடு சேரும் இடம், பட்டைகளின் கொக்கி மாட்டியிருக்கும் இடம், ஷாக் அப்சார்பர் மேல்முனை, குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள். இங்கே கையால் போட்ட வெல்டிங் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். கம்பெனி வெல்டிங் சீராக ஓடும். பட்டறை வெல்டிங் திட்டுத்திட்டாக நிற்கும். உருண்ட வண்டியோ, பள்ளத்தில் விழுந்த வண்டியோ என்று சந்தேகம் வந்தால் அளவு நாடாவை எடுங்கள். முன் இடது பட்டைக் கொக்கியிலிருந்து பின் வலதுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் குறுக்காக அளந்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு வித்தியாசம் வந்தால் சேசிஸ் கோணியிருக்கிறது.

கிரவுன் ஆயில்: ஐந்து நிமிட வேலை

பலரும் தவிர்ப்பதும், எனக்கு மிகமிக முக்கியமாகத் தோன்றுவதும் இந்தச் சோதனைதான். முன், பின் கிரவுன் ஹவுசிங்கிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஆயில் ஊற்றும் பிளக் இருக்கும். விற்பவரின் அனுமதியோடு அதைக் கழற்றி, வண்டி குளிர்ந்திருக்கும்போது சுண்டுவிரலை விட்டு எடுங்கள். நல்ல ஆயில் தேன் நிறமாகவோ கறுத்தோ பிசுக்கென்று இருக்கும். பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

எப்படிப் புகுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓடி ஓடிச் சூடேறிய ஹவுசிங் குளிர்ந்த ஓடையில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, பிரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) வழியாகவும் ஆயில் சீல் ஓரமாகவும் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் கலந்த ஆயிலில் கிரவுனும் பினியனும் பேரிங்குகளும் மசகில்லாமல் உரசி, துருப்பிடித்து, சில மாதங்களில் ஊளையிட ஆரம்பிக்கும். விவரமுள்ளவர்கள் பிரீதரில் ரப்பர் ஹோஸ் மாட்டி எஞ்சின் அறை வரை உயரத்துக்குக் கொண்டு போயிருப்பார்கள். அப்படி ஒரு ஹோஸைப் பார்த்தால், வண்டியைப் புரிந்துகொண்டு ஓட்டிய ஒருவரிடம் வந்திருக்கிறோம் என்று கொள்ளலாம்.

வடிகால் பிளக் சிலவற்றில் காந்தம் இருக்கும். அதில் கரிய பசைபோல மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. செதிலோ, பல் துணுக்கோ ஒட்டியிருந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது.

பிளக்கை மூடிவிட்டு, அச்சுக்குத் திறனைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சிறு ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். 'டக்' என்று ஒலித்து விரலளவு சுழன்றால் யுஜே கிராஸோ (ஷாஃப்ட் முனையில் உள்ள சிலுவை வடிவ மூட்டு) கிரவுன் பினியனோ தேய்ந்திருக்கிறது. கிராஸ் மாற்றுவது சிறு செலவு, கிரவுன் பினியன் பெருஞ்செலவு. எது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார்.

முன் அச்சும் சக்கரங்களும்

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) அல்லது பால் ஜாயிண்ட். இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்டைப் பாருங்கள்.

ஜிப்ஸியில் முன் அச்சின் இரு முனைகளிலும் உருண்டை வடிவ உறை இருக்கும். அதைச் சுற்றிக் கிரீஸோடு மெல்லிய ஆயிலும் கசிந்து சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தால் உள் ஆயில் சீல் போயிருக்கிறது. கிங் பின் பேரிங் தேய்ந்த ஜிப்ஸி, வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினாலே ஸ்டியரிங் வெடவெடவென்று நடுங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக மூன்று ரப்பர் மவுண்ட்களில் தொங்குகிறது. அவை கிழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

சிஆர்டிஇ தாரில் பார்க்க வேண்டியது முன் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் (மூட்டை மூடும் உறை). செலவில்லாமல் முன்பக்கத்தை உயர்த்த டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கிவிடுவது ஒரு வழக்கம். வண்டி கம்பீரமாக நிற்கும். ஆனால் ஷாஃப்ட் அளவுக்கு மீறிச் சாய்ந்து பூட் கிழியும், சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமில்லாமல் போகும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கும் தாரைக் கண்டால் முதலில் இந்த பூட்டைத்தான் பாருங்கள்.

ஐந்து டயர்களும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்மானத்தோடு இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அந்த இழுபறியைத் தாங்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். டயரின் கட்டைகள் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் பாறையில் பிடிக்காது.

எஞ்சின்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறவுங்கள். ஃபில்டரில் தூசி இருப்பது இயல்பு. ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் ஏறினால், அந்த எஞ்சின் தூசியைக் குடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். பிஸ்டன் ரிங்கும் டர்போவும் தேய்ந்திருக்கும். ஸ்நார்க்கல் (உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய்) மாட்டிய வண்டிகளில் இணைப்புகளைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார்கள், கவனியுங்கள். பெட்டியின் அடியில் உலர்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி வரலாம். குப்குப்பென்று காற்று அடித்தால் ரிங் வேலை காத்திருக்கிறது. ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே சேறு இறுகியிருந்தால் சமவெளியில் தெரியாது, மலையேறும்போது கொதிக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் ஆகியவற்றுக்குப் பிறகு நீரில் நின்ற வண்டிகள் பழைய வண்டிச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கழுவியவர்கள் பெரும்பாலும் மறப்பது அந்தக் கடைசி முழம்தான். அங்கே வண்டல் படிந்த கோடு இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும், டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

தார்ச்சாலையில் முதலில் இரண்டு சக்கர இயக்கத்தில் ஓட்டுங்கள். மூன்றாம் நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் கியர் தானாக வெளியே குதிக்கிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, வேகத்துக்கு ஏற்ப ஊளை கூடுகிறதா என்று கவனியுங்கள். கிளட்ச் சோதனைக்கு, நின்ற இடத்தில் கைபிரேக் போட்டு மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் கிளட்ச் வழுக்குகிறது.

பிறகு மண் பாதைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். இதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். இந்த வண்டிகளில் முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. ஆகவே காய்ந்த தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கர இயக்கம், சாதாரண வேகம்) போட்டு வளைக்கக் கூடாது. மண்ணிலும் சரளையிலும்தான் சோதிக்க வேண்டும். நேராக மெல்லப் போகும்போது 4எச் விழ வேண்டும். விழுந்தபின் முழு வளைவில் ஊர்ந்து திருப்பினால் யாரோ பின்னாலிருந்து பிடிப்பது போன்ற இறுக்கம் ஸ்டியரிங்கில் தெரியும். அந்த இறுக்கமே முன்சக்கரங்கள் இழுக்கின்றன என்பதற்குச் சாட்சி. டாஷ்போர்டில் விளக்கு எரிவதை மட்டும் நம்ப வேண்டாம். விளக்கு எரிந்தும் ஹப் (முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பகுதி) சேராத வண்டிகள் உண்டு. கையால் திருப்பும் ஹப் என்றால் இறங்கி இரண்டையும் திருப்பிப் பாருங்கள்; வெற்றிடக் குழாயால் சேரும் ஹப் என்றால் அந்தக் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள்.

நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து 4எல் (நான்கு சக்கர இயக்கம், மெதுவான வேகம், கூடுதல் இழுவை) போடுங்கள். ஒரு சரிவில் முதல் கியரில் ஏறி, அதே கியரில் பிரேக் தொடாமல் இறங்குங்கள். இறங்கும்போது லீவர் வெளியே குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிக்க வேண்டியிருக்கும். கொழுக்குமலை போன்ற பாறைப் பாதையில் இறங்கும்போது 4எல் குதித்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு குறையை நான் எந்த விலைக்கும் ஏற்க மாட்டேன். ஏற்றத்தில் பத்து நிமிடம் ஊர்ந்த பிறகு வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கூர்க்காவின் டிஃப் லாக்கைச் சோதிக்க, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, 2எச்-சில் (இரண்டு சக்கர இயக்கத்தில்) வண்டியைக் கியரில் வைத்து, கைபிரேக்கை விடுவித்து ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். லாக் இல்லாதபோது மற்றது எதிர்த்திசையில் சுற்றும். லாக் விழுந்தபின் இரண்டும் அசையக் கூடாது. 2015-க்குப் பிந்தைய சிஆர்டிஇ தாரின் பின் அச்சில் தானாகவே பூட்டிக்கொள்ளும் லாக் உண்டு. எதிரெதிர் மூலைகள் தொங்கும் பள்ளத்தில் மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால், சுழலும் சக்கரம் சட்டென்று நின்று வண்டி முன்னேற வேண்டும்.

விலை பேசுவதும் பெயர் மாற்றுவதும்

கண்ட குறைகளுக்கு மெக்கானிக்கிடம் அங்கேயே தோராயச் செலவு கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். விஞ்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி), கூரைத் தாங்கி, விளக்குகள் ஆகியவற்றுக்கு விற்பவர் சொல்லும் மதிப்பை ஏற்காதீர்கள். மாற்றாத மூல வண்டிக்குத்தான் நான் அதிக விலை கொடுப்பேன். விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் மாத வேலைகளுக்கு ஒதுக்கிவையுங்கள்.

படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

வண்டி வீட்டுக்கு வந்த வாரமே எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன் ஆகியவற்றின் ஆயிலையும், எல்லா ஃபில்டரையும், பிரேக் ஆயிலையும், கூலன்டையும் மாற்றுங்கள். முந்தையவர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். மாற்றிய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி டாஷ்போர்டில் போட்டுவையுங்கள்.